நேர்ச்சாலை ஏன் திடீரென்று ஒதுங்குகிறது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், மினசோட்டாவின் தென்பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே குடியிருக்கிறாள். கடைத்தெருகூடக் கிடையாது, ஆனாலும் அது ஒரு டவுன்ஷிப் என்கிறாள். மைலுக்கு ஒரு சாலை, எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேர். ஓரிடத்தில் மட்டும் வடக்கே போகும் சாலை, ஆறோ குன்றோ குறுக்கிடாமலே மேற்கே ஒதுங்கி, பிறகு மறுபடி வடக்கே போகிறது. என்ன காரணம்?

பதில்: நில அளவையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன்! பூமி உருண்டை என்பதுதான் காரணம்.

1785-இல் அமெரிக்கா இயற்றிய நிலச் சட்டம், குடியேறுவதற்கு முன்பே நிலத்தைச் சதுரங்களாக அளக்கச் சொன்னது. ஒரு டவுன்ஷிப் 6 மைல் நீளம், 6 மைல் அகலம். அதற்குள் 36 பிரிவுகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அளந்த கருவி 66 அடிச் சங்கிலி. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதேதான். 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். மூலைக்கு அடையாளமாக அருகிலுள்ள மரங்களைக் குறித்துக்கொண்டார்கள். மரமில்லாத புல்வெளியில் மண்மேடு எழுப்பினார்கள்.

ஆனால் வடக்கு நோக்கிச் செல்லும் கோடுகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றையொன்று நெருங்கும். உங்கள் மகள் இருக்கும் 44 பாகை அட்சரேகையில், ஒரு டவுன்ஷிப்பின் தென் எல்லையைவிட வட எல்லை சுமார் 46 அடி குறைய வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் குறை சேர்ந்துகொண்டே போகாமலிருக்க, குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து முழு 6 மைலை மறுபடி அளந்தார்கள். பழைய கோடும் புதிய கோடும் சேராத இடத்தில்தான் சாலை ஒதுங்குகிறது.

கடைத்தெரு இல்லாவிட்டாலும் அங்கே நிர்வாகம் உண்டு. மார்ச் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் மக்கள் கூடி, சாலைப் பராமரிப்புக்கு எவ்வளவு வரி என்று தாங்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. 16-ஆம், 36-ஆம் பிரிவுகளைப் பள்ளிக்கூடங்களின் வருமானத்துக்கென்று முதலிலேயே ஒதுக்கிவைத்ததும் அப்படித்தான்.

வயல்கள் இன்று காய்ந்த சமவெளியாகத் தெரியலாம். பனிப்பாறைகள் உருகி விட்டுப்போன அந்த நிலத்தில் சதுப்புக் குட்டைகள் நிறைய இருந்தன. விவசாயிகள் மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து நீரை வடித்தார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அது டகோட்டா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். 1851 ஒப்பந்தங்களில் அது அமெரிக்க அரசின் கைக்கு மாறியது. வாக்களித்த பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை. 1862-இல் பசியும் கோபமும் போராக வெடித்தன. அந்த டிசம்பர் 26 அன்று மினசோட்டாவின் மான்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். ஐந்தாண்டு தங்கி உழுதால் 160 ஏக்கர் சொந்தம் என்ற குடியேற்றச் சட்டம் கையெழுத்தானதும் அதே ஆண்டு மே மாதம்தான். சங்கிலி பிடித்த என் தொழிலுக்கு இதில் பங்கு உண்டு என்பது எனக்கு உறுத்துகிறது.

மினசோட்டாவின் அந்தக்கால அளவை வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகளிடம் டவுன்ஷிப் எண்ணையும் பிரிவு எண்ணையும் கேட்டுத் தேடுங்கள். வடித்துவிட்ட சதுப்புகளும் பழைய பாதைகளும் அவற்றில் வரையப்பட்டிருக்கும்.