47 வயதில் ஓட ஆரம்பித்து முட்டி வலித்தால்

கேள்வி: எனக்கு 47 வயது. மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். எடை 86 கிலோ. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன வாரம் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தேன். நாலாம் நாள் வலது முட்டியின் முன்பக்கம் வலி வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச எலும்பு முகாமில் காட்டினேன். எலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஓடவே கூடாது என்றார்கள். மாத்திரை, எண்ணெய், முட்டி பெல்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாயாம். 2,000 முன்பணம் கட்டியிருக்கிறேன். நான் ஓடலாமா?

பதில்: ஓடலாம். ஆனால் போன வாரம் ஓடியதுபோல் இல்லை. முகாம்காரர்களுக்கு மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் அந்த முகாமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குதிகாலை ஒரு சின்ன மெஷினில் வைக்கச் சொல்லி, ஏதோ ஒரு நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது எலும்பின் அடர்த்தியைத் தோராயமாகக் காட்டும் கருவி. முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. முட்டித் தேய்மானம் என்பது மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு பற்றியது; அடர்த்தி வேறு சங்கதி. இரண்டையும் குழப்பி, பயத்தைக் கிளப்பி, பையில் எண்ணெய் பாட்டிலைப் போட்டு அனுப்புகிறார்கள். அறுவடைப் பணம் கைக்கு வரும் மாதங்களில்தான் இந்த முகாம்கள் ஊர் ஊராக வருகின்றன. இவர்களிடம் கையெழுத்து போட்ட மருத்துவர் யார், அவருடைய பதிவு எண் என்ன என்று யாருமே கேட்பதில்லை. மண்டபத்தை வாடகைக்கு விடுபவரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய அதிகாரிகளும் கேட்பதில்லை. என்னிடம் வருகிற முட்டி வலிக்காரர்களில் பலர் இப்படி ஏமாந்த பிறகுதான் வருகிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நாற்பத்தைந்து தாண்டிய பலருக்கு, வலியே இல்லாதவர்களுக்கும்கூட, எக்ஸ்ரே எடுத்தால் கொஞ்சம் தேய்மானம் தெரியும். படத்தில் தெரிவதால் மட்டும் ஓட்டத்தை விட வேண்டியதில்லை. அளவோடு ஓடுபவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுவதில்லை என்பதுதான் ஆய்வுகள் காட்டுவது.

அப்படியானால் வலி ஏன்? ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். உங்களுக்கு அது ஏறக்குறைய 200 கிலோ. தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். இத்தனை வருடம் கல்லாவில் உட்கார்ந்திருந்த தொடைத் தசை நாலு நாளும் அடுத்தடுத்து அதைத் தாங்கியிருக்கிறது. முட்டிச் சில்லைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசை தளர்ந்திருப்பதால் முன்பக்கம் வலிக்கிறது. புதிதாக ஓடுபவர்களுக்கு வரும் வலிகளில் இதுதான் ரொம்பச் சாதாரணமானது. முட்டி வீங்கியிருந்தாலோ, மடக்கி நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இல்லாவிட்டால் வலி அடங்கும்வரை நடை மட்டும் போதும்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் மூன்றாவது வாரம் 'இன்னும் ஓடலாம்போல் இருக்கிறதே' என்று தோன்றும்போது கால் கெடுகிறது. நட்ட பயிர் பச்சை பிடிக்கும்வரை காத்திருப்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதே பொறுமையைக் காலுக்கும் கொடுங்கள். முதல் நாலு வாரம் தினமும் அரைமணி நேரம் வேக நடை. அப்புறம் வாரத்தில் மூன்றே நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்: ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். வாரம் போகப்போக ஓடும் நிமிடத்தைக் கூட்டி, நடையைக் குறையுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் அரைமணி நேரம் நிற்காமல் ஓடுவீர்கள். கூடவே, நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். முட்டிக்கு பெல்ட்டைவிட அதுதான் மருந்து.

இப்போது உங்கள் விஷயத்தில் என்னைக் கவலைப்படுத்துவது முட்டி அல்ல, சர்க்கரை மாத்திரை. என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் ஓடும்போது சர்க்கரை தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு இவற்றில் ஒன்று இருந்தாலோ, இன்சுலின் போட்டாலோ கதை வேறு. பெரும்பாலும் இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வரும். 'மெட்பார்மின்தான் சாப்பிடுகிறேன்' என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கூடவே கிளிமிபிரைடு இருக்கும். அந்த மருந்தோடு காலையில் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் மங்கல் எல்லாம் ஓட்டத்தின் களைப்புதான் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓடுவீர்கள், விழுவீர்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டனலால், மெட்டோபிரலால் வகை மாத்திரையும் சாப்பிட்டால் நடுக்கமும் படபடப்பும்கூடச் சரியாகத் தெரியாது. அப்போது வியர்வைதான் முக்கிய எச்சரிக்கை. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் ஓடுவதற்கு முன் வீட்டிலேயே சர்க்கரையைப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடிய அன்று இரவிலும் சர்க்கரை தாழலாம் என்பது நினைவில் இருக்கட்டும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். 'ஓட ஆரம்பிக்கப் போகிறேன், அளவை மாற்ற வேண்டுமா?' என்று உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நீங்களே கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டு நிமிடத்தில் அதே சீட்டை மறுபடி எழுதிக் கொடுத்து அனுப்பும் இடத்தில், நீங்கள் நடக்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. மாத்திரை அட்டையில் தமிழில் ஒரு வரி அச்சிடவும் யாருக்கும் மனமில்லை.

மருத்துவரிடம் போகும்போது ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), ஈசிஜி பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணின் உட்பகுதியைப் பார்க்கும் பரிசோதனை ஒரு வருடத்துக்குள் செய்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஐந்தாயிரம், பத்தாயிரம் ரூபாய் 'முழு உடல் பேக்கேஜ்' வேண்டாம். அரசு மருத்துவமனையே போதும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, தலைசுற்றலோ இருந்தால் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, அன்றே மருத்துவமனை.

இடம்: பாமணியாற்றங்கரையில் மழை இல்லாத மாதங்களில் மண்பாதை நல்லது. விடிவதற்கு முன் இருட்டில் போகாதீர்கள், பாம்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் களி வழுக்கும். அப்போது தெப்பக்குளத் தெருக்களே சரி. தார் ரோட்டில் ஓரச் சரிவில் ஓடினால் ஒரு முட்டி மட்டும் அடி வாங்கும், சமமான இடமாகப் பாருங்கள். சர்க்கரை இருப்பதால் வெறுங்காலோட்டம் கூடவே கூடாது. ஷூவை மாலையில் வாங்குங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டால் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை.

அந்த 2,000 ரூபாய்க்கு ரசீது இருக்கிறதா? இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ரசீதே தரவில்லை என்றால் முகாம் நோட்டீஸையும் அவர்கள் கொடுத்த சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், புகாருக்கு அவை உதவும்.