14ஆம் நம்பர் அறைக்காரர்

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ்ஸில் கல்லாவில் இருக்கிறேன். பக்கத்து மேன்ஷனில் பல வருஷமாகத் தங்கியிருந்த பெரியவர் போன வாரம் தவறிவிட்டார். இரண்டு வேளையும் எங்களிடம்தான் சாப்பாடு. மாதக் கணக்கு நோட்டில் அவர் பெயர்கூட இல்லை, ‘14ஆம் நம்பர்’ என்றுதான் இருக்கிறது. கூட்டில் தேங்காய் அரைத்துவிட்டால் தொடமாட்டார்; அவருக்கென்று பொரியல் கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைப்போம். அஸ்ஸாமிலிருந்து வந்த சப்ளையர் பையனுக்கு அவர்தான் தமிழில் எண்ணச் சொல்லிக்கொடுத்தார். அவன் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் வந்து உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். காரியம் முடிந்ததும் அறையைக் காலி செய்ய வருவாராம். பெரியவர் எங்களிடம் கட்டிய முன்பணத்தில் பாக்கி இருக்கிறது. அதில் படம் வாங்கி மாட்டி மாலை போடலாம் என்கிறார் முதலாளி. செய்யலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செய்யாதீர்கள். அது அவர் வீட்டுக்குச் சேர வேண்டிய பணம்.

லிஸ்பன் நகரில் 1782இலிருந்து நடக்கும் மார்த்தின்யு த ஆர்காதா என்ற காபிக்கடையில், கவிஞர் பெர்னாண்டோ பெசோவாவின் மேஜையை இன்றும் அவருக்கென்றே வைத்திருக்கிறார்கள். 1935இல் இறந்தவர். உயிரோடு இருந்தவரை போர்ச்சுகீசிய மொழியில் அவருக்கு வந்தது ஒரே ஒரு கவிதைப் புத்தகம். பிழைப்புக்கு கம்பெனிகளின் வியாபாரக் கடிதங்களை மொழிபெயர்த்தார். அன்று அவருக்குக் காபி கொடுத்தவர்களுக்கு அவரும் ஒரு 14ஆம் நம்பராகத்தான் இருந்திருப்பார். மேஜை, பிற்பாடு வந்த புகழுக்கான மரியாதை. (சுற்றுலாக்காரர்கள் வருவதால் வியாபாரத்துக்கும் நல்லது.) உங்கள் மெஸ்ஸில் மதியம் ஒரு மணிக்கு யாருக்காகவும் நாற்காலியைக் காலியாக வைக்க முடியாது, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுத்தவர் நிற்பார். வைக்கவும் வேண்டாம்.

பெயர் தெரியாமல் போனதே என்று நீங்கள் குறைபட்டுக்கொள்வது தெரிகிறது. மேன்ஷன் ரிஜிஸ்டரில் பெயர், ஊர், விலாசம் எல்லாம் இருக்கும். தேங்காய் விஷயம் அதில் இருக்காது. மகனுக்குக்கூட அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அப்பா பட்டணத்தில் தனியாகக் கிடந்து செத்தார் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் அறையைத் திறப்பார். தினம் இரண்டு வேளை அவரை எதிர்பார்த்துச் சில பேர் இருந்தார்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சும்மா போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தால், கணக்கு தீர்க்க வந்தோம் என்று நோட்டோடு போங்கள்.

மகனை மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கூட்ட நேரத்தில் வேண்டாம், மூன்று மணிக்கு மேல் வரச்சொல்லுங்கள். அந்தப் பையனையே பரிமாறச் சொல்லுங்கள். அவன் தமிழ் திக்கினாலும் குறுக்கே புகுந்து முடித்துவைக்க வேண்டாம்.

முதலாளி மாலை வாங்கியே ஆக வேண்டும் என்றால் தன் காசில் வாங்கட்டும்.