நைட்ரஜன் அடித்த டயர் வெடித்தது: கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டவுனில் இருக்கும் டயர் கடையில் என் மைவி காரின் நான்கு டயர்களுக்கும் 20 ரிங்கிட் கொடுத்து நைட்ரஜன் அடித்தேன். "ஆறு மாசத்துக்குக் காற்றுப் பார்க்கவே வேண்டாம், டயர் வெடிக்காது" என்றார் கடைக்காரர். ஐந்தாவது மாதம் தாப்பா அருகே நெடுஞ்சாலையில் பின் டயர் வெடித்து, கார் தடுப்பில் உரசியது. யாருக்கும் அடியில்லை. என்.சி.டி. (இழப்பீடு கேட்காதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு) போய்விடும் என்று காப்புறுதியில் கேட்காமல் சொந்தப் பணம் 2,800 ரிங்கிட் செலவு செய்தேன். கடைக்குப் போய்க் கேட்டால், இருபது வருடப் பழக்கம் என்றும் பார்க்காமல் எல்லார் முன்னாலும் விரட்டினார். அடித்ததே சாதாரணக் காற்றுதான் என்கிறார் என் மெக்கானிக். "நைட்ரஜன் என்று காற்றை விற்கும் திருடன்" என்று கடைப் படத்தோடு என் மகன் முகநூலில் போட்டிருக்கிறான். மன உளைச்சலுக்கும் சேர்த்து 30,000 ரிங்கிட் கேட்கலாமா?

பதில்: ஐயா, 30,000-ஐ மறந்துவிடுங்கள். அவர் விரட்டியது உங்களுக்கு வலித்திருக்கும், ஆனால் அதற்கெல்லாம் பயனீட்டாளர் தீர்ப்பாயம் காசு தராது. அடித்தது நைட்ரஜனா காற்றா என்பதையும் ஓரமாக வையுங்கள். உங்கள் வழக்குக்கு உயிர் ஒரே வாக்கியத்தில்தான் இருக்கிறது: "ஆறு மாசத்துக்குக் காற்றுப் பார்க்கவே வேண்டாம்." அவர் அதைச் சொன்னதற்குச் சாட்சி உண்டா? அதை நம்பிப் பார்க்காமல் விட்டதால்தான் டயர் வெடித்ததா?

நைட்ரஜன் விற்பது மோசடி இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். கடையில் அடிப்பது ஈரமில்லாமல், இன்னும் சுத்தமாக இருக்கும். ரப்பர் வழியாகக் கசிவதும் கொஞ்சம் குறையும். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களை ஒரு வருடம் வைத்துப் பார்த்தது. காற்று அடித்தவற்றில் அழுத்தம் சராசரியாக 3.5 பி.எஸ்.ஐ. இறங்கியது, நைட்ரஜன் அடித்தவற்றில் 2.2. ஆக, நைட்ரஜனும் இறங்கும். ஆணி குத்தினாலோ வால்வு கசிந்தாலோ இரண்டும் ஒன்றுதான். மாதம் ஒரு தடவை பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பார்க்கிறவருக்கு அந்த 20 ரிங்கிட் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. அது அவரவர் விருப்பம். ஆனால் "பார்க்கவே வேண்டாம்" என்று சொல்லி விற்றால் கதை வேறு. சேவையின் பலனைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு தடுக்கிறது. உங்களுக்கு இருக்கும் பிடி அதுதான்.

சரி, வெடித்த டயர் எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. காற்றுக் குறைந்து ஓடிய டயர் என்றால் உள்பக்கச் சுவர் சுற்றிலும் தேய்ந்து, ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். பள்ளத்தில் விழுந்து அடிபட்டது என்றால் ஓரிடத்தில் மட்டும் கிழிந்திருக்கும். முதலாவது என்றால் உங்களுக்குச் சாதகம், இரண்டாவது என்றால் வழக்கே இல்லை. பக்கச் சுவரில் தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் காட்டும் நான்கு எண்களையும் பாருங்கள். டயர் ரொம்பப் பழையது என்றாலோ, டயரின் பூ (சாலையில் படும் வரிப்பள்ளம்) 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, கடைக்காரர் முதலில் அதைத்தான் பேசுவார். "கொடுங்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்" என்று அவர் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது உங்கள் மகனின் பதிவு. பயனீட்டாளர் வழக்குகளில் நான் அதிகம் பார்த்த விபத்து இதுதான். நியாயம் நம் பக்கம் இருக்கும், தொகை சின்னதாக இருக்கும். கோபத்தில் ஒருவர் முகநூலில் எழுதுவார், அது புலனக் குழுக்களில் ஊரெல்லாம் சுற்றும். இரண்டு வாரத்தில் வக்கீல் கடிதம் வரும். இத்தனை நாள் வழக்குத் தொடுக்க நின்றவர் எதிர்வாதியாகிவிடுவார்.

அவதூறு வழக்கில் எழுதியது உண்மை என்று காட்ட வேண்டிய பொறுப்பு எழுதியவர் மேல்தான் விழும். "காற்றை விற்றார்" என்பதை உங்கள் மகன் எப்படிக் காட்டுவான்? வெடித்த டயரில் இருந்தது அந்த நிமிடமே போய்விட்டது. மற்ற மூன்று டயர்களைக் கருவி வைத்துச் சோதிக்கலாம். அதற்குள் ஒரு தடவை பெட்ரோல் நிலையத்தில் காற்று அடித்திருந்தாலும் அந்தச் சோதனையால் பயனில்லை. மெக்கானிக் சொன்னது ஊகம். அதோடு "திருடன்" என்ற சொல் வேறு. தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போட்டு நீங்களே பேசிவிடலாம். அவதூறு வழக்கு போவது சாதாரண நீதிமன்றத்துக்கு. அங்கே வக்கீல் வைத்தால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில் உங்கள் 2,800 ஒன்றுமே இல்லை. தீர்ப்பாயத்தில் நீங்கள் ஜெயித்தாலும் அது மகனைக் காப்பாற்றாது.

போலீஸ் ரிப்போர்ட்டையும் எடுத்துப் படியுங்கள். அவசரத்தில் கூட வந்தவர் மலாய் மொழியில் சொல்லி எழுதவைக்க, நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது வழக்கமாக நடக்கிறது. அதில் "சாலை வழுக்கியது" என்று இருந்து, முகநூலில் "காற்றை விற்றான்" என்று இருந்து, மனுவில் "பார்க்க வேண்டாம் என்றார்" என்று வந்தால், தீர்ப்பாயத் தலைவர் எதை நம்புவார்? அப்புறம் இன்னொன்று. நீங்கள் காலமெல்லாம் ஃபிட்டராக இருந்தவர். "காற்றுக் குறைந்த டயர் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று கட்டாயம் கேட்பார்கள். முழுத் தொகை கிடைக்காமல் போவதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

அதனால் சமாதானமாகப் போங்கள். பதிவை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். டயர் விலை, அந்த 20 ரிங்கிட், பழுதுச் செலவில் பாதி, இவ்வளவு கேட்டு, மேலே "தன்பா பிரஜுடிஸ்" (சமாதானத்துக்காகச் சொல்வதைப் பிறகு வழக்கில் நமக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று பொருள்) என்று எழுதி ஒரு கடிதம் கொடுங்கள். கோயில் தலைவரோ இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவரோ கூட வந்தால் நல்லது. கடைக்காரர் மசியவில்லை என்றால் மனு போடுங்கள். விசாரணை நாளில் சமாதானமானாலும் தீர்ப்பாயம் அதைத் தீர்ப்பாகவே பதிவு செய்யும்.

எங்கே முடிந்தாலும், கையெழுத்தாகும் தாளில் முகநூல் பதிவுக்காக அவர் வழக்குத் தொடரமாட்டார் என்ற வரி இருக்க வேண்டும். பதிவு போட்டது நீங்கள் அல்ல, உங்கள் மகன். அவன் பெயரும் அந்த வரியில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.