கார் நிறுவனங்கள் சுற்றுச்சூழலுக்காகச் செய்வதில் எவ்வளவு உண்மை?

கேள்வி: "எல்லாக் கார் நிறுவனங்களும் சுற்றுச்சூழலைக் காப்பதாகச் சொல்கின்றன. அதில் எவ்வளவு உண்மை? திருநெல்வேலியில் இருக்கும் நான் அடுத்த கார் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

பாளையங்கோட்டையில் கார் பட்டறை நடத்துகிறேன். பழைய டீசல் வண்டியும் புதிய மின்சாரக் காரும் அடுத்தடுத்து வந்து நிற்கிற இடம். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நிறுவனங்கள் செய்ததில் உண்மை நிறையவே இருக்கிறது. ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு முடிகிற காரியம் இல்லை. வண்டி நம் ஊருக்கு வந்த பிறகு அதில் என்ன மின்சாரம் ஏறுகிறது, யார் கையில் அது பழுதுபார்க்கப்படுகிறது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

கண்ணால் பார்க்கக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020க்கு முந்தைய டீசல் காரின் புகைக்குழாய்க்குள் விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றித் துடைத்து எடுத்தால், துணி கன்னங்கரேலென்று வரும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நக இடுக்கில் கரி நிற்கும். பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6, அதாவது 2020இல் வந்த புகை வரம்பு விதி) டீசல் காரில், கரியைப் பிடிக்கும் வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால், அதே துணி லேசாகப் பழுப்பேறி வரும், அவ்வளவுதான். எங்கள் பட்டறைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அதற்கு முன்பிருந்த பி.எஸ். 4 விதிப்படி டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை புகைத்துகள் விடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் அது 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளின் வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80க்கு இறங்கியது. நடுவில் இருந்த பி.எஸ். 5-ஐத் தொடாமலே தாண்டிப் போனோம். டீசலில் உள்ள கந்தகத்தை 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) அளவிலிருந்து 10க்குக் கொண்டுவர சுத்திகரிப்பு ஆலைகளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. மாருதி சுசுகி டீசல் கார்களையே கைவிட்டது. இவ்வளவும் நடந்தது நாள் குறிக்கப்பட்டதால்தான். அந்தத் தேதிக்குப் பிறகு பி.எஸ். 4 வண்டியை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. ஆகவே ஒரு நிறுவனம் "நாங்களாக முன்வந்து செய்கிறோம்" என்று சொல்லும்போது, அதற்குப் பின்னால் ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குறையல்ல. கெடு இருந்த இடத்தில் பொறியாளர்கள் அபாரமாக உழைத்திருக்கிறார்கள் என்பதை எஞ்சினைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அந்த உழைப்பு நம் ஊரில் எப்படி வீணாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டீசல் காரின் துகள் வடிகட்டியில் சேரும் கரி, சுமார் 600 டிகிரி சூட்டில் எரிந்தால்தான் வடிகட்டி சுத்தமாகும். வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சூடு கிடைக்கும். மதுரை நான்குவழிச் சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி ஓடி அணைக்கிற வண்டியில் கரி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும். அப்படி ஒரு வண்டியோடு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஓட்டுநர் கேட்டார்: "அண்ணாச்சி, இந்த வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக மாட்டித் தந்துவிடுங்கள். செய்து தருகிறவர்கள் இருக்கிறார்களாமே." நான் சொன்னேன்: "அது சட்டப்படியும் தப்பு, தம்பி. கங்கைகொண்டான் வரை ஒரே சீராக ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். விளக்கு அணையவில்லை என்றால் அப்புறம் பார்ப்போம்." அணைந்துவிட்டது. வடிகட்டியைக் குடைந்து எடுத்த வண்டி பெயருக்குத்தான் பி.எஸ். 6. அதன் புகை மேலப்பாளையம் தெருவில் விளையாடும் குழந்தையின் மூக்குக்குத்தான் போகிறது. செலவு மிச்சம் என்று இதைச் செய்து கொடுப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

நிறுவனங்களே ஏமாற்றியதும் நடந்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாக ஓடும்படி மென்பொருளை எழுதி, உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்களில் வைத்திருந்ததாக ஃபோக்ஸ்வாகன் 2015இல் ஒப்புக்கொண்டது. சோதனைக்கூடத்தில் எடுக்கும் அளவை மட்டும் நம்பக் கூடாது என்பதை அந்த விவகாரம் உலகத்துக்கே உணர்த்தியது. காரில் கருவியைப் பொருத்தி, சாலையில் ஓட்டியே புகையை அளக்கும் முறை ஐரோப்பாவில் வந்தது. இந்தியாவில் அது 2023 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 இரண்டாம் கட்டமாக நடைமுறையில் இருக்கிறது. பழைய கார் வாங்குவதானால், 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த நிறுவனத்தை நம்பலாம்? நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: தனக்குச் சாதகமில்லாத எண்ணையும் அது வெளியிடுகிறதா? இதற்கு நல்ல உதாரணம் வோல்வோ. சி40 என்ற தன் மின்சாரக் காரையும், ஏறக்குறைய அதே உடலமைப்புள்ள எக்ஸ்சி40 பெட்ரோல் காரையும் ஒப்பிட்டு, 2021 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரும்பு உருக்குவது முதல் கடைசியில் காரை உடைப்பது வரை முழுக்கணக்கு. மின்சாரக் காரைத் தயாரிப்பதில் வெளியாகும் கரியமில வாயு, பெட்ரோல் காரைவிட சுமார் 70 சதவீதம் கூடுதல் என்று அதில் அந்த நிறுவனமே எழுதியிருக்கிறது. பேட்டரிக்கு மட்டும் ஏறத்தாழ 7 டன். தன் புதிய காரை விற்க வேண்டிய நேரத்தில் இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது பெட்ரோல் கார் மொத்தம் 59 டன் கணக்கில் நிற்கிறது. மின்சாரக் கார், உலக சராசரி மின்சாரத்தில் ஓடினால் 50 டன். முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் ஓடினால் 27 டன். பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் மேல் என்று சொல்வதற்கு உலக சராசரி மின்சாரத்தில் 1,10,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். காற்றாலை மின்சாரத்தில் 49,000 கிலோமீட்டரே போதும். கார் ஒன்றுதான், பேட்டரியும் ஒன்றுதான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் மாறுகிறது.

2030க்குள் மின்சாரக் கார் மட்டுமே விற்போம் என்று சொன்ன அதே வோல்வோ, 2024 செப்டம்பரில் அந்த இலக்கைத் தளர்த்திவிட்டது. எனக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் அந்த முழுக்கணக்கின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. வாக்குறுதியை மாற்றிக்கொள்ளலாம், அச்சில் வந்த கணக்கை யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1,050 மெகாவாட். கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் காற்றாலை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் வீட்டுக்கு வருகிறது. எங்கள் வயலிலேயே காற்றாலை நிற்கிறது, ஆகவே என் காரில் ஏறுவது காற்று மின்சாரம் என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. நாடு முழுவதற்கும் சராசரி பார்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 15 யூனிட் என்று வையுங்கள்: பத்தரைக் கிலோ. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு ஐந்தரை லிட்டர் குடித்து ஏறத்தாழ 13 கிலோ விடுகிறது. பெட்ரோலைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதற்கான கணக்கு தனி. வித்தியாசம் இருக்கிறது. விளம்பரத்தில் காட்டும் அளவுக்கு இல்லை. ஜங்ஷன் நெரிசலில் நிற்பவர்களின் மூக்கில் புகை ஏறாது என்பது மட்டும் முதல் நாளிலிருந்தே கிடைக்கிற நன்மை. அதை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

மொட்டை மாடியில் சூரியத் தகடு போட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். 3 கிலோவாட் அமைப்பு நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். சிறிய கார் 80 கிலோமீட்டர் ஓட அது போதும். 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. கார் பகலில் வீட்டில் நிற்குமென்றால் இன்னும் நல்லது. ஆனி, ஆடியில் காற்று அடித்து வீசும்போது, வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் நடந்திருக்கிறது. அந்த மாதங்களில் தேவை குறைந்த பின்னிரவில் சார்ஜ் ஏற்றுவதிலும் அர்த்தம் இருக்கிறது.

பேட்டரியின் அளவையும் பாருங்கள். வோல்வோ கணக்கில் வந்த காரின் பேட்டரி 78 கிலோவாட்-மணி, அதாவது 78 யூனிட் கொள்ளும். டாடா டியாகோ மின்சாரக் காரில் 19.2 அல்லது 24 தான். ஊருக்குள் ஓட்ட மலை மாதிரி பேட்டரி வேண்டாம். நம் பக்கத்திலேயே தூத்துக்குடியில் வியட்நாம் கார் நிறுவனமான வின்ஃபாஸ்டின் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 மின்சாரக் கார்கள் என்ற திறனோடு தொடங்கியிருக்கிறது. அங்கே பூட்டப்படும் ஒவ்வொரு மாடலுக்கும் இதே மாதிரி முழுக்கணக்கை நாம் கேட்க வேண்டும். நம் மண்ணில் நம் தண்ணீரில் தயாராகிற பொருள், கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

இனி, யாரும் பேசாத ஒன்று: ஏ.சி. கேஸ். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. புவியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் இதற்கு இடமில்லை. அங்கே நிறுவனங்கள் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸுக்கு மாறிவிட்டன. அதன் சூடேற்றும் திறன் இதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. இங்கே அப்படி ஒரு கட்டாயம் இல்லாததால் பழையதே தொடர்கிறது. ஒரு காரில் ஏறத்தாழ அரைக் கிலோ கேஸ் இருக்கும். கம்ப்ரஸர் வேலைக்கு வந்த காரின் வால்வை அமுக்கி, புஸ்ஸென்று அவ்வளவையும் காற்றில் விடுவது பல இடங்களில் இன்றும் வழக்கம். பார்க்க ஒன்றும் தெரியாது, மணமும் இல்லை. அந்த அரை நிமிடத்தில் போவது சுமார் 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பெட்ரோல் காரில் நெல்லையிலிருந்து சென்னைக்கு நான்கு தடவை போய் வந்தால் வெளியாகும் அளவு அது. மின்சாரக் காராக இருந்தாலும் ஏ.சி. கேஸ் இதே கேஸ்தான் என்றால் இதே கதைதான்.

கேஸை உறிஞ்சி உருளையில் சேர்த்து, வடிகட்டி, திரும்ப ஏற்றுகிற இயந்திரம் இருக்கிறது. எங்கள் பட்டறையில் அதை வைத்துத்தான் வேலை செய்கிறோம். கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஆகும். வாடிக்கையாளர் காத்திருக்கச் சலிப்பார், விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார். உங்கள் கார் ஏ.சி. வேலைக்குப் போகும்போது, கேஸை எதில் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். இயந்திரத்தைக் காட்ட முடியாத இடத்தில் வண்டியைத் திறக்க விடாதீர்கள். கழித்த எஞ்சின் ஆயிலும் அப்படித்தான்: அதை மறுசுழற்சிக்குக் கொடுக்கிறார்களா, இல்லை சாக்கடை வழியாகப் பாளையங்கால்வாயில் விடுகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஷோரூமில் மைலேஜுக்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்: இந்த மாடலுக்கு முழு ஆயுள் கணக்கு வெளியாகியிருக்கிறதா, பேட்டரி எத்தனை கிலோவாட்-மணி, ஏ.சி.யில் என்ன கேஸ், பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது யார். பதில் தெரியாவிட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்காவது பதில் தயாராக இருக்கும். ஊருக்குள் குறைந்த தூரம் மட்டும் ஓட்டுபவர் டீசல் கார் வாங்கவே வேண்டாம். இப்போது இருக்கும் பெட்ரோல் கார் நன்றாக ஓடுகிறது, மாதம் 200 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால், அதையே பராமரித்து இன்னும் சில ஆண்டு ஓட்டுங்கள்; புதிய காரைத் தயாரிக்கும்போது வெளியாகும் கரியமில வாயுவை அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள், பெரும்பாலும் எந்தச் சாலையில், மொட்டை மாடி உங்களுடையதா என்று கருத்தில் எழுதுங்கள். எந்த வகை பொருந்தும் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.