ஆறு மா நிலத்தை அடமானம் வைக்கும் முன், பிள்ளை பார்த்த குளத்தைப் பாருங்கள்

மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மேற்படிப்புக்கு வழி கேட்டு வீட்டோடு கிளம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்பா, அம்மா, சித்தப்பா, அப்பாயி, எல்லாருக்கும் பின்னால் பிள்ளை, அவர்கள் மகள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூ உயிரியல் பிரிவில் 600க்கு 521. நீட் எழுதிவிட்டு வந்து விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்ததில் தகுதி மதிப்பெண் தேறும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில்கூட எம்.பி.பி.எஸ். இடம் வராது.

521 நல்ல மார்க், பயப்பட ஒன்றுமில்லை, வழி இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்வதைத்தான் முதலில் சொன்னேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "அதெல்லாம் சரி சார். ஒம்பது மா, மூணு ஏக்கர் நிலம் இருக்கு. அதுல ஆறு மாவ வச்சாவது டாக்டராக்கிப்புடணும். ஒரு வருஷம் கோச்சிங்கா, ஜார்ஜியாவா? அத மட்டும் சொல்லுங்க."

அதோடு ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் இதே கேள்வியோடு டெல்டாவில் இன்னும் பல வீடுகளில் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஜார்ஜியா போய் மருத்துவம் படிக்கும் பேச்சை முதலில் முடித்துவிடலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து இங்கே உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறினால் இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருடம் ஆகாமல் டாக்டர் என்று கையெழுத்துப் போட முடியாது. அந்த உரிமத் தேர்வை எழுதுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் தோற்றுப் போகிறார்கள். ஏஜெண்ட் கொடுக்கும் வழவழப்பான தாளில் இந்த வரி இருக்காது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி சொத்தை ஈடாகக் கேட்கும். ஆறு மா என்பது இரண்டு ஏக்கர். ஏழு வருடத்தில் எத்தனை குறுவை, எத்தனை சம்பா, அதில் எத்தனை தண்ணீரில் போகும் என்பது விவசாயிக்குத் தெரியாததல்ல. வட்டி அந்தக் கணக்கெல்லாம் பார்க்காது. மீதி மூன்று மாவில் குடும்பம் என்ன சாப்பிடும் என்று கேட்டேன். சித்தப்பா மட்டும் பதில் சொன்னார்: "கஷ்டப்பட்டாத்தானே சார்." அவருடைய நிலம் அடமானத்தில் இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாத உறவினருக்குப் பிள்ளையின் படிப்பில் ஆலோசனை சொல்ல இடம் உண்டு, முடிவு சொல்ல இடம் இல்லை. அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னேன்.

ஒரு வருடம் கோச்சிங் போவது தப்பில்லை. பிள்ளை தானாக, திரும்பத் திரும்பக் கேட்டால் ஒரு வருடம் கொடுக்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் பேசினோம், டாக்டர் என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. அம்மாவிடம், "பிள்ளை எதைப் பத்தி ஓயாமப் பேசும்?" என்று கேட்டேன். அம்மா சட்டென்று, "கொளத்தப் பத்தித்தான் சார்" என்றார்.

வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஒரு குளம். கட்லா, ரோகு மீன் விட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் மூன்று நாள் மூட்டமாக இருந்து, நாலாம் நாள் விடிகாலை பார்த்தால் மீன் முழுக்கச் செத்து மிதந்திருக்கிறது. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டைவரை போயிருக்கிறது. இந்தப் பிள்ளை மட்டும் அதை நம்பவில்லை.

அவளுடைய பள்ளி செய்த ஒரு நல்ல காரியம் இங்கேதான் வருகிறது. நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப்போவார்கள். இவர்கள் போனது ஒரு மீன்வளக் கல்லூரிக்கு. மற்ற பிள்ளைகள் கண்ணாடித் தொட்டி முன்னால் நின்றபோது, இவள் அங்கிருந்த பேராசிரியரிடம் தன் குளத்து மீன் ஏன் செத்தது என்று கேட்டிருக்கிறாள். அவர் தரையில் கோடு போட்டு விளக்கியிருக்கிறார். பகலில் பாசி வெயிலை வாங்கித் தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதையே செலவழிக்கும். விடியும் முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மூன்று நாள் மூட்டம் போட்டால் வரவு குறைந்து செலவு அப்படியே நிற்கும், நாலாம் நாள் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இதை என்னிடம் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

விலங்கியல் ஆசிரியையிடம் பிறகு பேசினேன். பதினோராம் வகுப்பு விலங்கியலில் மண்புழு, பட்டுப்புழு, மீன் வளர்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரு பாடம் உண்டு. நீட்டுக்கு உதவாது என்று பல பள்ளிகளில் அதை ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். இந்த ஆசிரியை ஓட்டவில்லை. மேல்நிலைப் பள்ளி ஒரு பிள்ளையை உயர்கல்விக்குத் தயார்செய்வது என்றால் எனக்கு இதுதான் தெரியும்: நடக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது, பிள்ளை கேட்ட கேள்வியை ஒரு பெரியவர் நினைவில் வைத்துக்கொள்வது. மார்க்கைப் பார்த்து குரூப் பிரிப்பதும் மாதிரித் தேர்வு வைப்பதும் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பள்ளி தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்ஜினியரிங், நர்சிங், பார்மசி பற்றி எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பி.எஃப்.எஸ்சி. என்ற நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டப்படிப்பைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

மீன்வளத்துக்கென்று தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கியது. அதன் தலைமையிடம் நாகப்பட்டினம், வெட்டாற்றங்கரை. 2020 முதல் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் என்று பெயர். பழைய கல்லூரி தூத்துக்குடியில் 1977இல் வந்தது. பொன்னேரியிலும் நம் தலைஞாயிற்றிலும் கல்லூரிகள் உண்டு. வேதாரண்யம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் தலைஞாயிற்றைக் கஜா புயலுக்காக நினைவில் வைத்திருப்பார்கள், கல்லூரிக்காக வைத்திருப்பவர்கள் குறைவு. சேர்க்கை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான், நீட் கிடையாது. இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ தாவரவியல், விலங்கியலோ படித்திருந்தால் போதும். கணக்குப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் பி.டெக். மீன்வளப் பொறியியல் இருக்கிறது.

உள்ளே என்ன படிப்பார்கள்? நன்னீரில், உவர்நீரில், கடலில் மீன் வளர்ப்பது. குஞ்சு பொரிப்பது. தீவனத்தில் புரதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. தண்ணீரின் உப்பு, கார அமிலம், அம்மோனியா பார்ப்பது. மீனுக்கும் இறாலுக்கும் வரும் நோய்கள். வலை, படகு, கடல் வழியறிதல். பிடித்ததைக் கெடாமல் பதப்படுத்துவது. கடைசி வருடத்தில் மீனவர் கிராமங்களிலும் பண்ணைகளிலும் ஆலைகளிலும் தங்கி வேலை பழக வேண்டும். வகுப்பறையில் உட்காரப் பிடிக்காமல் வாய்க்கால் கரையிலேயே கிடக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

வேலை? மீன்துறை ஆய்வாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் அந்தத் தேர்வுக்கு வேளாண்மை, கால்நடை படித்தவர்களோடு மீன்வளம் படித்தவர்களும் போகலாம் என்பது மீன்வளம் படித்த சிலருக்கே தெரிவதில்லை. மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது, 1961இலிருந்து. உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சிக்குச் சென்னையிலேயே மத்திய நிறுவனம் உண்டு. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சீர்காழி வட்டாரத்தில் இருக்கிறது. தொடுவாய் என்ற ஊரில் அவர்கள் நண்டுக்குஞ்சும் கொடுவா மீன்குஞ்சும் பொரிக்கிறார்கள். சொந்தமாகச் செய்ய நினைத்தால், 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலகுச் செலவில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வைத்தார்கள், பொதுப் பிரிவு ஆண்களுக்கு 40தான்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடம் ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பிள்ளைக்கு முதல் இரண்டு செமஸ்டர் கனமாகத்தான் இருக்கும், ஹாஸ்டலில் அழுதுகொண்டு போன் செய்யும். உடனே கிளம்பி வா என்று சொல்லிவிடாதீர்கள். தனியார் இறால் பண்ணையில் தொடக்கச் சம்பளம் குறைவு, ராத்திரி பூராவும் குட்டைக் கரையில், தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும் காற்றாடி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. அங்கே இன்னும் பெரும்பாலும் ஆண்களைத்தான் எடுக்கிறார்கள். நோய் கண்டறியும் ஆய்வகம், பொரிப்பகம், பதப்படுத்தும் ஆலையின் தரக்கட்டுப்பாடு, அரசுப் பணி ஆகியவற்றைப் பெண் பிள்ளைகள் இப்போதே மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

அதுவரை பேசாமலிருந்த அப்பாயி அப்போதுதான் வாய் திறந்தார். "எறாப் பண்ண வந்துதான் எங்க ஊரு தண்ணியெல்லாம் உப்பாச்சு. அந்த வேலைக்கா போவணும் பிள்ள?" அன்று பேசியவர்களில் அவர் பேச்சில்தான் விஷயம் இருந்தது. அவர் சொன்னது நடந்த கதை. நம் கடலோரத்தில் வயலுக்குப் பக்கத்திலேயே இறால் குட்டை வெட்டியபோது சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1996இல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையில் அல்லாத பண்ணைகளை அகற்ற வேண்டும். பிறகு 2005இல் சட்டம் போட்டு, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதியாமல் பண்ணை நடத்தக்கூடாது என்றார்கள். வெளிநாட்டு ரகமான வன்னாமி இறால் 2009இல் அனுமதியானபோதும் நிபந்தனைகளோடுதான் வந்தது. அந்த நிபந்தனை நடக்கிறதா, கழிவுநீர் வாய்க்காலில் போகிறதா என்று பார்க்கும் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் ஆயா? குட்டைக்குப் பக்கத்தில் வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைதானே என்று கேட்டேன். அப்பாயி பேத்தியைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை, ஆனால் தலை அசைந்தது.

சித்தப்பாவுக்கு வேறு கவலை. "பொண்ணு மீன் படிப்பு படிக்குதுன்னு சொன்னா சம்பந்தம் பேச வர்றவங்க என்ன நினைப்பாங்க?" இந்தக் கேள்விக்கு நான் பொறுமை காட்டுவதில்லை. 521 மார்க் எடுத்த பிள்ளையின் இருபது வருடத்தை, இன்னும் யார் என்றே தெரியாத ஒரு சம்பந்தியின் நினைப்புக்கு ஒப்புக்கொடுக்க முடியாது. மீனைச் சொல்லி ஒரு மனிதரை மட்டமாகப் பேசுவதையும் என் முன்னால் வேண்டாம் என்றேன்.

இனி செலவு. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் 7.5 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கே வரும். ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுவில் கிடைத்தாலும் அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஆறு மாவைத் தொட வேண்டாம். அடமானம் வைத்துத்தான் படிக்க முடியும் என்கிற படிப்புக்கு, நிலமே வருமானமான வீட்டுக்கு, நான் சம்மதம் சொல்ல மாட்டேன். அது எந்தப் படிப்பாக இருந்தாலும் சரி.

அப்பா நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையிடம், "ஒனக்கு இதுதான் வேணுமா ஆயி?" என்றார். வீட்டில் யாராவது இதை முன்பே கேட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளை, "கொளத்து வேலன்னா நான் ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பேம்ப்பா" என்றது.

நீட் முடிவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்கார வேண்டாம். மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் தனி, அதன் இணையதளத்தில்தான் போட வேண்டும். கடைசித் தேதி நீட்டுக்காகக் காத்திருக்காது. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று நான்கையும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். கையெழுத்தாகி வர நாள் பிடிக்கும். பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் இருக்கிறார், ஹைடெக் லேபில் கம்ப்யூட்டரும் நெட்டும் இருக்கிறது. தனியார் மையத்தில் காசு கொடுத்துத் தப்பும் தவறுமாகப் போடுவதைவிட அங்கேயே உட்கார்ந்து நிரப்பலாம். ஆறிலிருந்து எட்டுவரை இந்தப் பிள்ளை படித்தது ஊர் நடுநிலைப் பள்ளியில். 7.5 சதவீதத்துக்கு அந்தப் பள்ளியின் படிப்புச் சான்றும் வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், தலைமையாசிரியர் வீடு மன்னார்குடியில். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அப்பாவே போய் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.