தமிழ் வழியில் படித்த பையன் என்.டி.ஏ.வில் தாக்குப்பிடிப்பானா?

"என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. என்.டி.ஏ.வில் (முப்படைகளுக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி) சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அங்கே தாக்குப்பிடிப்பானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாக்குப்பிடிப்பான். இந்தியை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்காத வேறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா கைத்தறி நெசவாளர். நானும் அரசுப் பள்ளி, தமிழ் வழிதான். 1998 ஜூலையில் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் அகாடமியில் சேர்ந்தேன். எங்களுடையது நூறாவது கோர்ஸ், அதாவது நூறாவது பேட்ச். அந்த எண்ணில் எங்களுக்கு அப்படி ஒரு பெருமை! 25 வருடங்களுக்கு முந்தைய கதை என்பதால் "இப்போது அப்படி இல்லை" என்று இன்றைய கேடட்கள் (பயிற்சி மாணவர்கள்) யாராவது கருத்தில் திருத்தினால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். நான் சொல்லப்போவது எலும்பைப் பற்றி. அது மாறியிருக்காது.

முதலில் இந்தி. பரேட் கட்டளைகள் இந்தியில்தான்: சாவ்தான், விஷ்ராம், தஹினே முட், பாயே முட், தேஜ் சல், தீரே சல். எல்லாம் சேர்த்தால் இருபது முப்பது தேறும். முதல் வாரம் முன்னால் நிற்பவனைப் பார்த்துத் திரும்பினேன். அதனால் அரை விநாடி தாமதம் ஆகும், அந்த அரை விநாடியை உஸ்தாத் (பரேட் பயிற்றுநர்) சரியாகப் பிடித்துவிடுவார். பக்கத்து கேபினில், அதாவது பக்கத்து அறையில், பீகார் பையன் ஒருவன். அவன் எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தான், நான் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். முதல் டெர்ம் (ஆறு மாதப் பருவம்) முடியும்போது இந்தியில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டேன். அமராவதிநகர் சைனிக் பள்ளியிலிருந்து வந்த ஒரு பையனும் எங்கள் ஸ்க்வாட்ரனில் (ஒன்றாகத் தங்கிப் பயிலும் கேடட்கள் பிரிவு) இருந்தான். ராத்திரி விளக்கு அணைந்த பிறகு அவனோடு அஞ்சு நிமிஷம் தமிழ் பேசினால் அன்றைய நாளின் பாரம் இறங்கிவிடும்.

உங்கள் மகன் உழைக்க வேண்டியது ஆங்கிலத்தில். நுழைவுத்தேர்வு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600. அந்த 600-இல் 200 ஆங்கிலத்துக்கே போகிறது. உள்ளே போன பிறகு பாடங்களும் ஆங்கிலத்தில். மூன்று வருட முடிவில் கிடைப்பது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். அதனால் இந்தி டியூஷனுக்குப் போகும் நேரத்தில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு எஸ்.எஸ்.பி. என்ற படை அதிகாரித் தேர்வு வாரியத்தின் தேர்வு, ஐந்து நாள், 900 மதிப்பெண். எனக்கு பெங்களூரில் நடந்தது. என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். நேர்முகத்தில் அதிகாரி அப்பாவின் தொழிலைக் கேட்டார். பாவு ஓட்டுவது, அச்சுக் கோர்ப்பது, நாடா எறிவது என்று வார்த்தை கிடைக்காத இடங்களில் கையாலேயே காட்டினேன். பத்து நிமிடம் தறியைப் பற்றி மட்டுமே கேட்டார். ஆகவே 'கான்வென்ட் இங்கிலீஷ் இல்லையென்றால் எடுக்கமாட்டார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படிச் சொல்லித்தான் இன்று காசு பறிக்கிறார்கள். போன வருடம் எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கோச்சிங் சென்டர் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தது. அதில் நான் சீருடையில் இருக்கும் படம், கீழே 'எங்கள் மாணவர்'. நான் தேர்வு எழுதிய காலத்தில் அந்த சென்டரே கிடையாது! எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பள்ளிக் கணக்கு சார். பள்ளி முடிந்ததும் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அந்த சென்டருக்குப் போன் போட்டுக் கேட்டால், "ஊருக்குப் பெருமைதானே சார்" என்கிறார்கள். அந்தப் படத்தை நம்பி எத்தனை நெசவுக் குடும்பங்கள் கடன் வாங்கிப் பணம் கட்டினவோ. சாரின் படத்தை வைத்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணம் கட்டும் முன், போர்டில் இருக்கும் ஆளையே தேடிப்பிடித்து விசாரியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1999 கோடையில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் டிவி இல்லை, பக்கத்து வீட்டு வாசலில் நின்று செய்தி பார்ப்பேன். ஜூலை 3-ஆம் தேதி அந்தப் போரில், காலுபாரில், ராணுவ அதிகாரி மனோஜ் குமார் பாண்டே உயிர்விட்டார். பிறகு போர் வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். வயது 24. 1996 வரை எங்கள் அகாடமியில் எங்களைப் போலவே சைக்கிள் மிதித்துக்கொண்டு வகுப்புக்குப் போனவர். மூன்றாம் டெர்முக்குத் திரும்பியபோது எந்த கேபினில் நுழைந்தாலும் அதே பேச்சு. அந்த நேரத்தில் 'எனக்குக் கால் வலிக்கிறது' என்று சொல்ல எந்தப் பையனுக்கு வாய் வரும்?

எனக்கு வலித்தது. வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில். முதலில் ஓடும்போது மட்டும். இரண்டு வாரத்தில் ஓடி முடித்த பிறகும் நிற்கவில்லை. அப்புறம் ராத்திரி படுத்தாலும் விண்விண் என்று தெறிக்கும். தைலம் தேய்த்தேன். காலுறைக்கு உள்ளே கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டேன். ஸ்க்வாட்ரன்களுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரி நெருங்கிக்கொண்டிருந்தது. 12 கிலோமீட்டருக்கு மேல், மேடும் பள்ளமுமான ஓட்டம். ஒவ்வொருவரும் எத்தனையாவதாக வருகிறார்கள் என்பது ஸ்க்வாட்ரன் புள்ளியில் போய் விழும். நான் படுத்தால் ஸ்க்வாட்ரனுக்கு அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓட்டத்தன்று பாதியைத் தாண்டியதும் உள்ளே ஏதோ 'கிளிக்' என்றது. நிற்கவில்லை. மிச்ச தூரத்தை எப்படி வந்தேன் என்பது இன்றும் முழுசாக ஞாபகம் இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியவில்லை. ராணுவ மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பின் குறுக்கே கோடு, யாருக்கும் தெரியும்படி. வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தார். மாவுக்கட்டுப் போடும்போது குனிந்து, "ஏன் தம்பி இத்தனை நாள் மறைச்ச?" என்று தமிழில் கேட்டார். வலிக்கு வராத அழுகை அதற்கு வந்தது.

தவறு முழுக்க என்னுடையது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் சிக் ரிப்போர்ட், அதாவது உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம், போயிருந்தால் கொஞ்ச நாள் ஓய்வோடு முடிந்திருக்கும் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். எலும்பு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும். அதற்கு நேரம் கொடுக்காமல் தினமும் அடித்துக்கொண்டே இருந்தால் மயிரிழை விரிசல் முறிவாகிவிடும். இதில் இன்னொரு சிக்கல், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். 'ஒன்றும் இல்லை' என்று வந்த பிறகும் வலி தொடர்ந்தால் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். வலி கால் நீளத்துக்கும் பரவலாக இருந்தால் பெரும்பாலும் தசை. ஒரே இடத்தில் ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் எலும்பைச் சந்தேகப்படுங்கள்.

வாரக்கணக்கில் பயிற்சி போனதால் ரெலிகேஷன். அதாவது ஒரு டெர்ம் பின்னுக்கு. நேற்று வரை என்னை 'சார்' என்று கூப்பிட்ட ஜூனியர்கள் கோர்ஸ்மேட் ஆனார்கள். என் கோர்ஸ்மேட்கள் எனக்கு சீனியர் ஆனார்கள். நூறு போய் நூற்றியொன்று.

அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டரில் எழுதினேன். இரண்டைக் கிழித்துப் போட்டு மூன்றாவதைத் தபாலில் சேர்த்தேன். பதில் இப்படி வந்தது: "கால் நல்லா ஆகட்டும். அவசரம் ஒன்னும் இல்ல. தெருவுல கேட்டவங்ககிட்ட அது மூணரை வருஷப் படிப்புன்னு சொல்லிட்டேன்." அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்காக ஒரு தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் இன்றும் சிலர் என்.டி.ஏ. மூன்றரை வருடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2001 கோடையில் நூறாவது கோர்ஸின் பாஸிங் அவுட் பரேட், பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பு. அகாடமியின் கேத்ரபால் மைதானத்தில் நான் ஐந்தாம் டெர்ம்காரர்களோடு ரைஃபிளுடன் நிற்கிறேன். 'தீரே சல்' கட்டளை வந்தது. முதல் வாரத்தில் எனக்கு அர்த்தம் புரியாத கட்டளை. அவர்கள் மெதுநடையில் குவார்ட்டர் டெக்கை நோக்கி, 'அந்திம் பக்' என்று சொல்லும் கடைசி அடியை வைக்கப் போகிறார்கள். அந்த பீகார் பையன் எங்கள் வரிசைக்கு முன்னால் கடந்தான். தலையைத் திருப்பக்கூடாது, அவனும் திருப்பவில்லை, நானும் திருப்பவில்லை. ஆனால் உதடு அசையாமல், நான் சொல்லிக்கொடுத்த தமிழில், "சீக்கிரம் வாடா" என்றான்.

அந்த வருடக் கடைசியில் என் முறை வந்தது. அப்பாவும் அம்மாவும் சென்னையில் ரயில் மாறி வந்தார்கள். செந்நிறக் கல்லும் பெரிய குவிமாடமுமாக நின்ற சூடான் பிளாக் என்ற அகாடமிக் கட்டடத்தைப் பார்த்து "சூடான்னு ஏன்டா பேரு?" என்று அப்பா கேட்டார். இரண்டாம் உலகப் போரில் நம் படையினர் அந்த நாட்டைக் காக்கப் போரிட்டதற்கு நன்றியாக சூடான் ஒரு லட்சம் பவுண்ட் கொடுத்தது, அதில் கட்டியது என்றேன். அவர் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்ததாக என் வலது காலைத்தான் பார்த்தார்.

'பையனைப் பயமுறுத்துகிறாய், இப்படி எழுதினால் யார் படைக்கு வருவார்கள்' என்று சிலர் கோபப்படலாம். ரெலிகேட் ஆன பிறகும் கமிஷன் பெற்று, அதாவது அதிகாரியாகி, 20 வருடங்களுக்கு மேல் பணியாற்றியிருக்கிறேன். எனக்கு ஒரு மகன் இருந்து கேட்டால் நாளைக்கே அனுப்புவேன். மகளாக இருந்தாலும் அனுப்புவேன். 2022-இல் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தார்கள், 2025 மே மாதம் 17 பேர் முடித்து வெளியே வந்தார்கள். பயிற்சி பெறும் பெண்களுக்கு இந்த வகை எலும்பு முறிவு வரும் வாய்ப்பு இன்னும் அதிகம் என்பதால், மகளை அனுப்புபவர்கள் இதை இருமுறை படியுங்கள்.

ஓடிப் பழகாத கால் திடீரென்று தினமும் ஓடும்போதுதான் இது வருகிறது. எனவே இப்போதே ஆரம்பிக்கட்டும். முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தார் ரோட்டில் வேண்டாம், மண் தரையில் ஓடச் சொல்லுங்கள். வலித்தால் உங்களிடம் சொல்கிறானா, மறைக்கிறானா என்று கவனியுங்கள். வீட்டில் மறைப்பவன் அங்கேயும் மறைப்பான்.

இன்னொன்று, நீச்சல். தெரியாமல் போனால் மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் இவன் குளத்தில் கிடக்க வேண்டிவரும். கிளப், பயிற்சியாளர் எதுவும் வேண்டாம். படி இருக்கிற கிணறு ஒன்று பக்கத்தில் இருந்தால், இந்தக் கோடையில் நீந்தத் தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ கூட இறங்கட்டும்.