பசிபிக் கடல்ல இருக்கிற தீவு நாடான நவூரு ஏன் தைவானை விட்டுட்டு சீனா பக்கம் போச்சு? இவ்ளோ குட்டி நாட்டுக்கு எதுக்கு இந்த வெளியுறவு ட்ராமா?

காசுதாங்க, வேற என்ன. சீனா, தைவான் ரெண்டுல ஒன்னத்தான் ஒரு நாடு அங்கீகரிக்க முடியும், அதனால அந்த அங்கீகாரத்துக்கு ஒரு விலை இருக்கு. 2024 ஜனவரில தைவான் எலெக்‌ஷன் முடிஞ்ச ரெண்டே நாள்ல நவூரு சீனா பக்கம் தாவுனதும் என்னவோ புதுசா நடந்த மாதிரி பேசுனாங்க, ஆனா இதே ஆளுங்கதான் 2002-ல சீனாவுக்குப் போயி 2005-ல தைவான்கிட்டயே திரும்பி வந்தாங்க. நடுவுல 2009-ல ரஷ்யா ஆதரவோட ஜார்ஜியால இருந்து பிரிஞ்ச அப்காசியாவ தனி நாடுன்னு அங்கீகரிச்சாங்க, அதுக்கு ரஷ்யாகிட்ட 50 மில்லியன் டாலர் கேட்டதா கொமர்சாந்த்ங்கிற ரஷ்யப் பத்திரிகை எழுதுச்சு.

21 சதுர கிலோமீட்டர், 12 ஆயிரம் பேரு சொச்சம், நம்ம பேரூராட்சி கூட இதவிடப் பெருசா இருக்கும். ஆனா ஐநால ஒரு ஓட்டு இருக்கே, விக்கிறதுக்கு மிச்சம் இருக்கிறது அதுதான்.

முன்னாடி உரம் தயாரிக்க உதவுற பாஸ்பேட் தாது இருந்துச்சு. 1968-ல சுதந்திரம் வாங்கி, சுரங்கத்த கையில எடுத்து, 70கள்ல தலைக்கு வருமானத்துல உலகத்துலயே முன்வரிசைல இருந்த நாடு இது, வரி கிடையாது, மெல்போர்ன்ல 52 மாடிக் கட்டடம், சொந்தமா ஜெட் விமானங்க, போதாததுக்கு 1993-ல லண்டன்ல ஒரு மேடை நாடகத்துக்கு ஃபைனான்ஸ் பண்ணி அதுவும் ஊத்திக்கிச்சு. பின்னாடி வர்ற தலைமுறைக்குன்னு சேத்து வச்ச ட்ரஸ்ட் பணத்த ஆளாளுக்கு கரைச்சாங்க. கேக்க யாரு இருந்தா? பாராளுமன்றத்துல அப்ப 18 பேரு, உருப்படியா கட்சின்னு ஒன்னு கிடையாது, ரெண்டு பேரு இடம் மாறி உக்காந்தா ஜனாதிபதி வீட்டுக்குப் போகணும், 2010-ல 9க்கு 9ன்னு முட்டிக்கிட்டு மாசக்கணக்கா ஆட்சியே அமைக்க முடியல. இப்படிப்பட்ட எடத்துல இருபது வருஷத் திட்டம் எவன் போடுவான். 2004-ல மெல்போர்ன் கட்டடமும் போச்சு, அடுத்த வருஷம் கடைசி விமானத்தையும் கடன்காரன் தூக்கிட்டான்.

ஆனா முழுப் பழியும் அவங்க மேல போடுறது நியாயமில்ல, சுதந்திரத்துக்கு முன்னாடியே ஆஸ்திரேலியா பிரிட்டன் நியூசிலாந்து மூணும் சேந்து மலிவா தோண்டி எடுத்துட்டுப் போனதுதான், அதுக்கு சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போயி 1993-ல ஆஸ்திரேலியாகிட்ட நஷ்டஈடு வாங்குனாங்க.

எல்லாரும் சீனா தைவான்னே பேசுறோம், நிஜமான கஸ்டமர் ஆஸ்திரேலியாங்க. 2001-ல இருந்து படகுல வர்ற அகதிகள கொண்டு போய் அடைக்கிற இடம் நவூரு, 2007-ல அங்க விட்டவங்கள்ல ஈழத்தமிழர்கள் நிறைய பேரு. நாட்டு பட்ஜெட்டே அந்த முகாம் காசுலதான் ஓடுச்சு. அது குறைஞ்சதும் நவூரு தைவான்கிட்ட பெரிய தொகையா கேட்டுச்சு, குடுக்கல, அதான் போயிட்டாங்கன்னு தைவான் தரப்புல சொன்னாங்க, எனக்கு இது நம்புற மாதிரிதான் இருக்கு.

இதுல செம காமெடி என்னன்னா, சீனா பக்கம் போன அதே வருஷம் டிசம்பர்ல ஆஸ்திரேலியா கூட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அஞ்சு வருஷத்துக்கு பட்ஜெட்டுக்கு 100 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர், போலீஸ் பாதுகாப்புக்கு இன்னொரு 40 மில்லியன், பதிலுக்கு பாதுகாப்பு, பேங்க், டெலிகாம் மூணுலயும் வேற எந்த நாட்ட உள்ள விடணும்னாலும் ஆஸ்திரேலியா ஓகே சொல்லணும். அப்ப சீனாவுக்கு என்ன கெடச்சுதுன்னா, தைவான அங்கீகரிக்கிற நாடு 12 ஆச்சு, அவ்ளோதான்.